பழைய டியூபுலர் பேட்டரியில் எது திரும்பி வரும், எது வராது

வீட்டு இன்வெர்ட்டரில் ஆறேழு வருடம் உழைத்த, தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் வகை பேட்டரி, 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், சேமிப்பின் அளவு) கையில் இருந்தால் நம்மூரில் இரண்டு யோசனைதான் கிடைக்கும். "எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கோ" என்பார் ஒருவர். "ஆசிட் மாத்தி விடு, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. போன மாங்காய் சீசனுக்கு முன்னால், காவேரிப்பட்டணம் பக்கம் என் அக்கா மகன் தோப்பில் அதைச் செய்து பார்த்தோம். பேட்டரி புதிதாகிவிடவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்த சேமிப்பு மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறியது. எப்படி ஏறியது, மீதி ஏன் ஏறவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்டவன். 2 வோல்ட் செல்கள் 24, வரிசையாக நிற்கும், மொத்தம் 48 வோல்ட். அதில் ஒன்றைப் பைலட் செல் என்று வைத்துக்கொண்டு, அதன் கிராவிட்டியையும் (தண்ணீரோடு ஒப்பிட்டால் அமிலம் எவ்வளவு கனம் என்ற எண்) சூட்டையும் ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டே வருவோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. யார் வீட்டில் இன்வெர்ட்டரைப் பார்த்தாலும் தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள் என்றுதான் வாய் முதலில் கேட்கும்.

தோப்பில் இருந்தது வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழித்துக் காவல் கொட்டகைக்குக் கொண்டுபோன பேட்டரி. மேலே ஒரு 100 வாட் சோலார் பேனல், அதிலிருந்து வரும் சார்ஜைக் கட்டுப்படுத்த ஒரு சின்னக் கன்ட்ரோலர், இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு 12 வோல்ட் ஃபேன். பெங்களூரா காய் முற்றும் நேரத்தில் ராத்திரி அங்கே ஆள் படுக்க வேண்டும்.

"சாயங்காலம் பாத்தா பச்சை லைட் எரியுது மாமா. பத்து மணிக்கெல்லாம் பொசுக்குனு அணைஞ்சிடுது. எடைக்குப் போட்டுடலாமா?" என்றான்.

அந்தப் பச்சை லைட்டை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது காட்டுவது வோல்டேஜை மட்டும். உள்ளே சல்பேட் படிந்த பேட்டரி, கொஞ்சம் மின்சாரம் போனதுமே வோல்டேஜை மளமளவென்று ஏற்றிக் காட்டும். நிறைந்துவிட்டது என்று கன்ட்ரோலர் வரத்தைக் குறைத்துவிடும். ராத்திரி லோடு ஏறினதும் வந்த வேகத்திலேயே இறங்கிவிடும்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் வரவு செலவைப் போட்டுப் பார்த்தோம். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 25 ஆம்பியர்-அவர் தரும். செலவுப் பக்கம் பாருங்கள். 30 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 20. விளக்குகள் இரண்டும் சேர்ந்து 15 வாட், பத்து மணி நேரத்துக்கு 12 சொச்சம். ஆக 32. வரவைவிடச் செலவு அதிகம். அது போதாதென்று, எடுத்ததை அப்படியே திருப்பிப் போட்டால் இந்த வகை பேட்டரி நிறையாது. எடுத்ததற்கு மேல் 15, 20 சதவீதம் சேர்த்துப் போட வேண்டும். இதில் மூன்று மணிக்கு மேல் மாமர நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுகிறது. பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் ஒரு மூலை மறைந்தாலும் வரவு பாதிக்குக் கீழே போய்விடும். ரோட்டில் கிரானைட் கல் லாரி போகும் புழுதி வேறு. மொத்தத்தில் அந்தப் பேட்டரி கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாளும் முழு வயிறு கண்டதில்லை.

முழுதாக நிறையாத ஈய-அமில பேட்டரிக்கு என்ன ஆகும் என்பது பேட்டரி அறையில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம். பாசிட்டிவ் தகட்டில் ஈய டை-ஆக்சைடு, நெகட்டிவில் பஞ்சு மாதிரியான ஈயம், நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் உண்டாகும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் போட்டால் சல்பேட் கரைந்து பழையபடி ஆகும். அந்தச் சல்பேட் புதிதாக இருக்கும்போது பொடிப்பொடியாக இருக்கும், சீக்கிரம் கரையும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால், பாகு இறுகிக் கல்கண்டு ஆவதுபோலப் பெரிய படிகமாகிவிடும். பிறகு சாதாரண சார்ஜுக்கு அசையாது. அந்தப் படிகத்துக்கு அடியில் இருக்கும் தகடு வேலைக்கு ஆகாது.

சேமிப்பு குறைவதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. உயரமான டியூபுலரில் கனமான அமிலம் அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணீர் மாதிரி நிற்பதும் உண்டு. இதுவும் சல்பேட்டும் ஓரளவு திரும்பி வரும். பாசிட்டிவ் தகட்டின் ஈயக் கம்பிகள் அரித்துப் போயிருந்தால் வராது. தகட்டு மருந்து, அதாவது தகட்டில் வேலை செய்யும் ஈயப் பொருள், உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்திருந்தால் வராது. அந்தச் சேறு தகடுகளைத் தொட்டு ஷார்ட் ஆகியிருந்தால் அந்தச் செல்லை மறந்துவிட வேண்டியதுதான். யூடியூபில் செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கிறேன் என்று காட்டுபவர்கள் இந்தப் பிரிவினையைச் சொல்வதே இல்லை. தன்னிடம் இருப்பது எந்தக் கேஸ் என்று தெரியாமல் மருந்து தேடுவதால்தான் ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

எந்தக் கேஸ் என்று கண்டுபிடிக்க, அமிலத்தை உறிஞ்சி அதன் கிராவிட்டியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வேண்டும். மின்சாதனக் கடையிலோ பேட்டரிக் கடையிலோ கிடைக்கும், விலை சொற்பம். நம்மூர் டியூபுலர் பேட்டரி முழு சார்ஜில், 27 டிகிரியில், 1.240 காட்ட வேண்டும். மெக்கானிக்குகள் 1240 என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கார் பேட்டரிக்கு இது இன்னும் கூடுதல், 1260 முதல் 1280 வரை. சூட்டுக்குத் தக்கபடி எண் மாறும். 10 டிகிரி கூடினால் 7 புள்ளி குறைத்துக் காட்டும். சித்திரை மாதம் தகரக் கொட்டகையில் அமிலம் 37 டிகிரியில் இருந்தால், 1233 என்று காட்டுவதை 1240 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் கோடையில் எல்லாப் பேட்டரியையும் வீக் என்று சொல்லிவிடுகிறார்கள்.

தோப்பு பேட்டரியின் ஆறு செல்லில் ஐந்து 1155-க்கும் 1170-க்கும் இடையில் நின்றன. ஒன்று மட்டும் 1130. கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஒரு செல்லின் ஓய்வு வோல்டேஜ் வரும். அந்தக் கணக்குப்படி மொத்தம் 12 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டரில் 12.2 காட்டியது. எனக்குச் சந்தோஷம் வந்த இடம் அதுதான். மேலே எடுத்த அமிலம் சொல்வதைவிட மீட்டர் கூடுதலாகச் சொல்கிறது என்றால், கனமான அமிலம் அடியில் தூங்குகிறது. பின்தங்கின செல்லும் 30, 40 புள்ளிதான் பின்னால் இருக்கிறது, செத்துப்போகவில்லை. உறிஞ்சிப் பார்த்த அமிலம் எல்லாச் செல்லிலும் தெளிவாக இருந்தது. கறுப்பாகவோ காபி நிறத்திலோ கலங்கி வந்திருந்தால் மருந்து உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம், அங்கேயே வேலையை நிறுத்தியிருப்பேன்.

அடுத்து, என்ன பாக்கி இருக்கிறது என்று அளந்தோம். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. முன்னால் அளக்காமல் பின்னால் "நல்லா ஆயிடுச்சு" என்று சொல்வதற்கு மதிப்பு கிடையாது. 150 ஏ.எச். என்று பேட்டரி மேல் போட்டிருப்பது 20 மணி நேரக் கணக்கு, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்து 10.5 வோல்டில் நிறுத்துவது. இதைவிட வேகமாக எடுத்தால் கிடைப்பது குறையும். பியூகெர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். 7.5 ஆம்பியருக்கு எங்கே போவது? ஒரு 55 வாட் கார் ஹெட்லைட் பல்பும் ஒரு 35 வாட் பைக் பல்பும் சேர்ந்தால் 90 வாட், கணக்கு சரியாக வந்துவிட்டது. பேட்டரியை முதலில் சாதாரண முறையில் 14.4 வோல்ட் வரை சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்து, காலையில் பல்புகளை மாட்டினோம். மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவுவதற்குள் 10.5 வந்துவிட்டது. ஏழு மணி நேரம், 50 ஏ.எச். சொச்சம். இந்தச் சோதனையை ஆசைக்கு அடிக்கடி செய்யக் கூடாது. ஒவ்வொரு முழு இறக்கமும் ஆயுளில் கொஞ்சம் தின்னும். முடிந்த கையோடு சார்ஜில் போட்டுவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் புதுச் சல்பேட் கிளம்பும்.

இனி மருத்துவம். ஆங்கிலத்தில் ஈக்வலைசேஷன் என்பார்கள். எல்லாச் செல்லும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை, குறைந்த ஆம்பியரில், வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்டேஜ் வரை விட்டு நெடுநேரம் சார்ஜ் போடுவது. 12 வோல்ட் பேட்டரிக்கு 15.5 முதல் 16.2 வரை போகும். 150 ஏ.எச்.சுக்கு 5 ஆம்பியர் போதும். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் இவ்வளவு உயரம் போகாது, 14.4-ஐ ஒட்டி நின்றுவிடும். என்னிடம் வோல்டேஜும் ஆம்பியரும் தனித்தனியாக வைக்கக்கூடிய டிசி பவர் சப்ளை இருந்தது. இல்லாதவர்கள் சார்ஜ் போடும் பேட்டரிக் கடையில் கொடுக்கலாம். ஆனால் "5 ஆம்பியருக்கு மேல் வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும். சாயங்காலத்துக்குள் கொடுக்கிற அவசரத்தில் 15, 20 வைத்துவிட்டால் படிகம் கரையாது, பேட்டரிதான் கொதிக்கும். முக்கியமாக, பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்தும் விளக்கிலிருந்தும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். 16 வோல்ட் எல்லா எலக்ட்ரானிக்ஸுக்கும் ஒத்துக்கொள்ளாது.

எங்கள் பேட்டரி முதலில் அடம் பிடித்தது. 5 ஆம்பியர் வைத்தால் வாங்கவே இல்லை. ஒன்றரை ஆம்பியரிலேயே 16 வோல்டைத் தொட்டு நின்றது. நெடுநேரம் கழித்துதான் ஆம்பியர் மெல்ல மெல்ல ஏறி 5-க்கு வந்தது, பிறகு வோல்டேஜ் 15-க்குக் கீழே இறங்கியது. சல்பேட் இளகுவதன் அடையாளம் இந்த இறக்கம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பிறகு மறுபடியும் வோல்டேஜ் ஏறி, எல்லாச் செல்லிலும் சமமாகக் குமிழி வந்தது. அடியில் தூங்கிய அமிலத்தைக் கிளறிவிடுவது அந்தக் குமிழிதான். அந்தக் கட்டத்திலிருந்து மணிக்கு ஒரு தரம் ஆறு செல்லின் கிராவிட்டியையும் எழுதச் சொன்னேன். மூன்று அளவு தொடர்ந்து ஏறாமல் நின்றால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போடுவதெல்லாம் தண்ணீரைக் காய்ச்சி, கம்பியை அரிக்கிற வேலை.

வேலையை ராத்திரியில் வைத்துக்கொண்டோம். பகல் சூட்டோடு சார்ஜ் சூடும் சேர்ந்தால் அமிலம் 50 டிகிரியைத் தாண்டிவிடும், தாண்டக் கூடாது. 45 வந்தாலே நிறுத்தி ஆறவிட்டோம். குமிழியில் வருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வென்ட் மூடியின் துளை அடைபட்டிருக்கக் கூடாது, பீடி பற்ற வைக்கிறவர்கள் தோப்புக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். கிளிப்பை எடுப்பதற்கு முன் சார்ஜரை அணைக்க வேண்டும். கண்ணாடி போடாமல் ஹைட்ரோமீட்டரைத் தொடக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் ஆப்ப சோடாவும் பக்கத்தில் இருக்கட்டும். நல்ல வேட்டியும் வேண்டாம். அமிலத் துளி பட்டது அன்றைக்குத் தெரியாது, துவைத்துக் காயப்போடும்போதுதான் ஓட்டை தெரியும். வீட்டில் திட்டு வாங்குவது தனிக் கணக்கு.

தண்ணீர் விஷயம். சார்ஜுக்கு முன்னால் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும், சார்ஜில் மட்டம் ஏறும். முடிந்த பிறகுதான் மிதவைக் குறி வரை. அதுவும் டிஸ்டில்ட் வாட்டர் அல்லது உப்பு நீக்கின டி.எம். வாட்டர் மட்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம்ம இரண்டு மாவட்டத்துப் போர் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதிலுள்ள ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். பேட்டரிக்கு அதைவிடப் பகை, தண்ணீரில் உள்ள இரும்பும் குளோரைடும். இரும்பு உள்ளுக்குள்ளேயே சார்ஜைத் தின்னும், குளோரைடு தகட்டை அரிக்கும். கேன் தண்ணீர் சுத்தமானதுதானே என்பார்கள். குடிக்கச் சுத்தம். உப்பு அதிலும் கொஞ்சம் இருக்கும், மாதாமாதம் ஊற்றினால் அது உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

ஆசிட் மாற்றும் யோசனைக்கு வருகிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். கிராவிட்டி குறைந்திருப்பதற்குக் காரணம், கந்தகம் தகட்டில் சல்பேட்டாகப் பூட்டிக் கிடப்பது. பழையதைக் கவிழ்த்துவிட்டுப் புது அமிலம் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் அழகாக 1240 காட்டும், தகடு பழைய தகடுதான். எப்போதாவது அந்தச் சல்பேட் கரைந்தால் அமிலம் அளவுக்கு மீறி ஏறி, கம்பியை அரிக்க ஆரம்பிக்கும். கவிழ்க்கும்போது அடியிலிருக்கும் சேறு கிளம்பித் தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஷார்ட் ஆவதும் உண்டு. கீழே கொட்டிப் போயிருந்தால் ஒழிய அமிலத்தைத் தொடத் தேவையில்லை.

படிகாரம், எப்சம் உப்பு போடலாமா என்று அவனும் கேட்டான். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட்தான், உரக்கடையில் மூட்டையாகவே கிடைக்கும், அதனால் நம்ம பக்கம் இந்த ஆசை அதிகம். இந்த வழக்கு அமெரிக்காவில் என்றைக்கோ நடந்து முடிந்துவிட்டது. ஏடி-எக்ஸ்2 என்று ஒரு பேட்டரிப் பொடி விற்றார்கள், உள்ளே இருந்தது பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும். அரசின் தேசிய அளவீட்டு ஆய்வகம் சோதித்துப் பார்த்து, பயன் இல்லை என்றது. பொடிக்காரருக்கு ஆதரவு பெருகி, 1953-ல் ஆய்வகத் தலைவர் ஆலன் ஆஸ்டினையே பதவியிலிருந்து இறங்கச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததும் திரும்ப உட்கார வைத்தார்கள். அறிவியல் அகாதெமி போட்ட குழுவும் ஆய்வகம் சொன்னதே சரி என்றது. அதே உப்பை இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள்.

நிறுத்தும்போது ஐந்து செல் 1225-க்கும் 1235-க்கும் இடையில். பின்தங்கினது 1205 வரைக்கும் வந்து நின்றுவிட்டது. எக்ஸ்சேஞ்சில் என்றால் அந்த ஒரு செல்லுக்கு மட்டும் தனியாகச் சார்ஜ் கொடுத்துத் தூக்கிவிடுவோம். 12 வோல்ட் பெட்டியில் செல்களுக்கு இடையிலான இணைப்பு உள்ளேயே இருப்பதால் அந்த வசதி இல்லை. ஒன்றுக்காக நல்ல ஐந்தையும் வறுக்க வேண்டும், அதற்கு எனக்கு மனசில்லை. மறுபடி பல்பு மாட்டி அளந்தபோது பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றது. 100 ஏ.எச். கிராவிட்டி கிட்டத்தட்ட முழுசாக வந்தும் சேமிப்பு முழுசாக வரவில்லையே என்று அக்கா மகன் முகம் சுருங்கியது. கிராவிட்டி சொல்வது குடம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை. குடமே சின்னதாகிவிட்டதை அது சொல்லாது. உதிர்ந்த மருந்தும் அரித்த கம்பியும் போனது போனதுதான். செலவு என்று பார்த்தால் இரண்டு மூன்று யூனிட் கரண்டும் சில லிட்டர் டி.எம். வாட்டரும்.

இதோடு விட்டிருந்தால் மாசம் திரும்புவதற்குள் பழைய நிலைமைக்கு வந்திருக்கும், ஏனென்றால் வரவு செலவு மாறவில்லை. இன்னொரு 100 வாட் பேனல் வாங்கி, இரண்டையும் நிழல் விழாத கிணற்று மேட்டுக்கு மாற்றினோம். கன்ட்ரோலர் மூடின பேட்டரிக்கான செட்டிங்கில் இருந்தது, அதைத் தண்ணீர் ஊற்றுகிற வகைக்கு மாற்றினோம். பேட்டரி தகரத்துக்கு அடியில் பரண் மேல் இருந்ததைக் கீழே, காற்றோட்டமான மூலைக்கு இறக்கினோம். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மாதம் ஒரு தரம் ஆறு செல்லையும் அளந்து நோட்டில் எழுதுகிறான். செல்களுக்குள் 30 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் மறுபடி ஈக்வலைஸ் போடச் சொல்லியிருக்கிறேன். சீசன் முடியும் வரை விடிய விடிய விளக்கு எரிந்தது, ஃபேனும் ஓடியது.

இதைக் கேள்விப்பட்டுப் பக்கத்துத் தோப்புக்காரர் தன் பேட்டரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சார்ஜ் போட்டு ஓய்வு கொடுத்த பிறகும் 10.6 வோல்ட். ஐந்து செல் 1230, ஒரு செல் 1060, அதில் உறிஞ்சிய அமிலம் கறுப்பு. ஷார்ட். "நம்ம பேட்டரிக்குச் செஞ்சதையே இதுக்கும் செய்யுங்க அண்ணா" என்றார். முடியாது என்று சொல்ல அரை மணி நேரம் பிடித்தது, மனுஷன் நம்பவில்லை. இது போலவே, தண்ணீர் ஊற்ற மூடி இல்லாத எஸ்.எம்.எஃப்., ஜெல் வகைகளுக்கும் இந்த வைத்தியம் கிடையாது. போன தண்ணீரைத் திருப்பி ஊற்ற வழி இல்லாததால் உள்ளே வறண்டுவிடும். கார் பேட்டரியிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அதன் தட்டைத் தகட்டிலிருந்து குமிழி மருந்தை உதிர்த்துவிடும், டியூபுலரில் மருந்து உறைக்குள் இருப்பதால் தாங்குகிறது.

அவர் பேட்டரியை எங்கே போடுவது என்ற பேச்சில் இன்னொரு விஷயம் வந்தது. எடைக்கு எடுக்கிற ஆட்களில் சிலர் அமிலத்தை அங்கேயே வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. அமிலத்தோடு, கவிழ்க்காமல், நிமிர்த்தி வைத்தபடி டீலர் கடைக்குக் கொண்டுபோனால் புது பேட்டரி விலையில் கழித்துக்கொள்வார்கள். எடைக்காரர் நூறு இருநூறு கூடுதலாகச் சொன்னார் என்று அவர் கொஞ்சம் இழுத்தார். கடைசியில் கிருஷ்ணகிரிக்கே ஏற்றி அனுப்பினோம்.